கடன் வாங்கிய கண்

எங்கள் தொழிலில் கண் கடன் வாங்குவது என்று ஒன்று உண்டு. இருபது பேர் நிற்கும் குடும்பப் படத்தில் எவராவது ஒரு மாமா சரியான நேரத்தில் கண்ணை மூடித் தொலைத்திருப்பார். அடுத்த படத்தில் அவர் விழித்திருக்கும் கண்ணை வெட்டி எடுத்து இதில் ஒட்டிவிடுவோம். பதினெட்டு வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

கடைக்கு மேல்மாடியில் சட்டை தைக்கும் பட்டறை. அங்கே ஓர் அக்கா நாள் முழுக்கப் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுப்பதால் அவருக்குக் காஜாக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரே மகன், வெளிநாட்டில் வெல்டர். அவன் போன மறுவருடம் மிஷின் ஊசி உடைந்து தெறித்ததில் அக்காவின் இடது இமை பாதி இறங்கி அப்படியே நின்றுவிட்டது.

அந்த மகன் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அம்மா வருவதானால் சீக்கிரம் வரட்டும் என்று டாக்டரே சொல்லிவிட்டாராம். விசாவுக்குப் படம் எடுக்க அக்கா விதிமுறைத் தாளும் கையுமாக வந்தார். எடுத்துக் கொடுத்தேன். மத்தியானமே திரும்பி வந்துவிட்டார்.

"ரெண்டு கண்ணும் திறந்திருக்கணுமாம் தம்பி. கவுண்டர்ல வாங்க மாட்டேங்கறாங்க."

மறுபடி மூன்று முறை எடுத்தோம். இமையை விரலால் தூக்கிப் பிடித்து, சட்டென்று விட்டும் பார்த்தார். நான் பட்டனை அழுத்துவதற்குள் இறங்கிவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை சாகக் கிடக்கிறான், இவர்களுக்குக் கண் கணக்கு வேண்டியிருக்கிறது.

"ரெண்டு கண்ணுதான வேணும்? உட்காருங்கக்கா, நான் பாத்துக்கறேன்."

வலது கண்ணையே வெட்டி, திருப்பிப் போட்டு, இடது பக்கம் ஒட்டினேன். பத்து நிமிட வேலை. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் புள்ள கிளம்பினப்ப இப்படித்தான் இருந்தேன்" என்றார். அப்புறம், "இதனால வம்பு எதுவும் வராதே?"

"பதினெட்டு வருஷ அனுபவம்கா" என்றேன். அந்த வாயை இப்போது எதால் அடிப்பது?

கவுண்டரில் வாங்கிக்கொண்டார்கள். பதினோராம் நாள் கடிதம் வந்தது. படம் திருத்தப்பட்டிருக்கிறது, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் விளக்கு ஒரு பக்கம்தான் இருக்கிறது. அதன் வெளிச்சப் புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் விழவேண்டும். திருப்பி ஒட்டிய கண்ணில் அது எதிர்ப்பக்கம் நின்றது. கடன் வாங்கும்போது நாங்கள் கண்ணைத் திருப்புவதில்லை, அதனால் இது எனக்குத் தோன்றவே இல்லை.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. கண்ணில் குறை உள்ளவர்கள் டாக்டர் சான்றிதழோடு உள்ளபடியே படம் கொடுக்கலாம். முதல் நாள் அக்கா கையில் இருந்த விதிமுறைத் தாளிலும் அதே வரி இருந்தது. கவுண்டரில் இருந்தவர் சொல்லவில்லை. நானும் படிக்கவில்லை, எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

சான்றிதழ் அரை நாளில் கிடைத்தது. நான் முதலில் எடுத்த அதே படத்தை வைத்து மறுபடி விண்ணப்பித்தோம். ஐந்தாம் நாள் விசா வந்தது. முந்தின நாள் சாயங்காலம் மகன் போய்விட்டான்.

உடல் வந்து, எல்லாம் முடிந்து, அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று மாடி ஏறினேன். மனசாட்சி அரித்துத் தின்றது. மிஷின் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, அன்னைக்கு நான் மட்டும் கைய வைக்காம இருந்திருந்தா..."

"நேரத்துக்குப் போயிருப்பேன்" என்றார். திட்டவில்லை, தலையைத் தூக்கவும் இல்லை. துணியை நகர்த்தி அடுத்த காஜாவுக்கு இடம் பார்த்தார்.

"கடைசி ரெண்டு நாள்தான் தம்பி அவனுக்கு நெனவு தப்பிப்போச்சு. அதுவரைக்கும் நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தானாம். அம்மா ஏன் இன்னும் வரலன்னு தெனமும் கேட்டானாம்."