பெல்ட் போட்ட மாவுத் தூக்கு

தினமும் விடிந்ததும் நான் ஒரு தூக்கு இட்லி மாவுக்கு சீட் பெல்ட் போட்டுவிடுகிறேன். ஊரில் இதைச் சொன்னால் எனக்கு மந்திரிக்க ஆளைக் கூட்டி வருவார்கள். நாங்கள் வாங்கிய புது வேன் அப்படி. முன் சீட்டில் தூக்கை வைத்தால், ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, பெல்ட்டை மாட்டும்வரை கீச்கீச்சென்று கத்தும். பெங்களூர் ஜோகுபாளையத்திலிருந்து கடை கடையாக மாவு போடும் நாங்கள் இப்போது மாவுக்கே பயந்து நடக்கிறோம்.

பழைய பிக்கப்புக்கு இந்த நாசூக்கெல்லாம் கிடையாது. தர்மபுரியிலிருந்து சட்டிபானையோடு நாங்கள் பெங்களூர் வந்ததே அதில்தான். பின்னால் கிரைண்டரைக் கட்டிப்பிடித்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். ஓசூர் தாண்டியதும் என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "ரெண்டு வருசம் சம்பாரிச்சிட்டு இதே வண்டியில திரும்பிடலாம்" என்றார். அந்த ரெண்டு வருசம் இன்னும் முடிந்தபாடில்லை. பிள்ளைகள் கன்னடத்தில் சண்டை போடும் அளவுக்கு வளர்ந்துவிட்டார்கள். வண்டி மட்டும் டிஎன் நம்பரை மாற்றாமல் வாசலில் நின்றது. போலீஸ்காரர் நிறுத்தும்போதெல்லாம், "இப்பதான் சார் வந்தோம்" என்போம். அது பொய் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வேன் வந்ததும், வாசலில் ஒரு வண்டிதான் நிற்கலாம் என்று வீட்டு ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார். பீன்யாவில் பட்டறை வைத்திருக்கும் மஞ்சண்ணா பிக்கப்பை விலைக்குப் பார்க்க வந்தார். இந்த வண்டி போனால் திரும்பிப் போகும் பேச்சும் அதோடு போய்விடும். வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். அவர் மூலைக் கடைக்கு டீ வாங்கப் போன நேரம் பார்த்து, நானே வண்டியின் வண்டவாளத்தை எடுத்துவிட்டேன்.

"எடப்பக்கக் கதவு வெளியில இருந்து மட்டுந்தாண்ணா தொறக்கும். மழை வந்தா டிரைவர் மடியிலதான் ஊத்தும். ரெண்டாவது கியர் தானா கழண்டுக்கும். நல்லா யோசிச்சுக்கோங்க."

மஞ்சண்ணா கன்னடத்தையும் தமிழையும் பிசைந்து சொன்னார். "அக்கா, வண்டி விக்கறவங்க யாரும் இவ்ளோ நிஜ சொல்லல்ல. வீட்டு அம்மாவே சொல்றாங்க, அப்றம் என்ன யோசனை? நனகே பேக்கு."

தனக்கே வேண்டுமாம். கெடுக்கப் போன நானே விற்றுக் கொடுத்துவிட்டேன். டீயோடு வந்த வீட்டுக்காரர், "பாத்தியா, எல்லாம் உன் ராசி" என்றார். எனக்கு அழுகை வந்தது. டீ சுட்டுவிட்டது என்று சமாளித்தேன்.

எங்கள் சந்து குறுகல். மஞ்சண்ணாவுக்கு ரிவர்ஸ் எடுக்க வரவில்லை. எப்போதும் போல நான் பின்னால் போய் நின்று, தகரத்தைத் தட்டி, "வரட்டும், வரட்டும்" என்றேன். பதற்றத்தில் அவர் பிரேக்கை மிதித்தார். அவருக்குப் பழகிய கன்னடத்தில் "பர்லி, பர்லி" என்றதும் பிக்கப் சமர்த்தாக நகர்ந்தது. மூலை திரும்பும்வரை அந்த டிஎன் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேனில் ரிவர்ஸுக்குக் கேமரா இருக்கிறது, பின்னால் ஏதாவது நின்றால் கத்தும் சென்சாரும் இருக்கிறது. பின்னால் யாரும் நிற்க வேண்டாம். நான் இன்னும் நிற்கிறேன்.

"தள்ளும்மா, நீ நிக்கறதாலதான் கத்துது" என்கிறார் வீட்டுக்காரர்.

கத்தட்டும். வேனின் கேஏ நம்பர் என்னை நோக்கி வர வர, "வரட்டும், பர்லி, வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே நான் பின்பக்கமாக நடக்கிறேன்.