சாயம் வெளுக்காத முட்டை

“நீல முட்டை பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டபடியே முழங்கை மடிப்பில் பஞ்சைத் தேய்க்கிறார் ஊசியக்கா. எதிரில் இருப்பவர் லாரி ஓட்டுநர். ஊசியைக் கண்டாலே வெளிறிப்போகிற ஆள். “நீலமாவா? கோழி முட்டையா?” என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் குழாயில் பாதி ரத்தம் ஏறிவிட்டது. “ஆமாங்க, எங்க வீட்டுப் புதுப்பொண்ணு போட்டது. கையை மடக்கிக்குங்க. முடிஞ்சுது.”

பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பது அக்காவின் வேலை. வீடு திரும்பியதும் கைப்பையைக்கூட இறக்கிவைக்காமல் நேராகக் கொல்லைக்குப் போவார். அங்கே இருக்கும் கோழிகளுக்கெல்லாம் உறவுமுறையில்தான் பெயர். வெள்ளை முட்டையிடும் லெகார்ன், நாத்தனார். இலை விழுந்தாலும் கத்தித் தெருவையே கூட்டிவிடும். சாக்லேட் நிறத்தில் முட்டையிடும் மாரன்ஸ், மாமியார். கனத்த உடம்பு, நிதான நடை, தீனித்தட்டில் முதல் உரிமை. பச்சை முட்டைக்காரி ஓரகத்தி. அது கலப்பினம், யார் பக்கமும் சேராது. கடைசியாக வந்து சேர்ந்த அமரக்கானா நீல முட்டையிடும். அதுதான் புதுப்பொண்ணு. கன்னம் நிறையத் தாடி வைத்த புதுப்பொண்ணு!

“நாத்தனார் தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறா, ஒண்ணுத்துக்கும் உதவல” என்று அக்கா கொல்லையில் சொன்னது, விடுமுறைக்கு வந்திருந்த நிஜ நாத்தனாரின் காதில் விழுந்து, அவர் அன்றைக்கே பெட்டியைக் கட்டினார். “பேரை மாத்தேன்” என்று கணவர் கெஞ்சினார்.

“யாருக்கு? கோழிக்கா, உங்க தங்கச்சிக்கா?”

தெருவில் யாருக்கு எந்த முட்டை என்பதையும் அக்காதான் முடிவு செய்வார். படபடப்புக்காரர்களுக்கு நீலம், பரீட்சை எழுதுகிறவர்களுக்குப் பச்சை, புருஷனோடு சண்டை போட்டவளுக்கு அடர்பழுப்பு. அத்தனையும் அக்காவின் சொந்தச் சரக்கு. “உள்ள எல்லாம் ஒண்ணுதான். நம்பிச் சாப்பிட்டா ருசி ஏறுதுல்ல?” என்று கணவரிடம் மட்டும் கண் சிமிட்டுவார்.

இந்த ராஜ்யத்துக்கு வேட்டு வைத்தவர் பின்சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் பெயிண்ட் கடைக்காரர். மனைவி பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டதால் தனியாக இருக்கிறார். அக்கா கொடுத்த நீல முட்டையின் பக்கத்தில் கடையின் நிற அட்டையை வைத்துப் பார்த்தார். அப்படியே ஒத்துப்போனது.

“ஏம்மா, இது சாயம். என்கிட்டயே இந்த நீலம் டப்பா டப்பாவா இருக்கு.”

அக்காவிடம் சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சலூனிலும் சொன்னார், பால் வாங்கும் இடத்திலும் சொன்னார். “பிள்ளைக்கு வயிறு சரியில்லக்கா” என்று இழுத்தபடி ஒவ்வொருவராக முட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். ஊசியக்கா அத்தனையையும் வாங்கிக் கூடையில் அடுக்கினார். உள்ளே போய் அவர் பாத்திரம் துலக்கிய சத்தத்தில் கொல்லையிலிருந்த நாத்தனாரே வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் சுவரோரம் போய், கடைக்காரர் கண்ணெதிரே ஒரு முட்டையை உடைத்தார். “பாருங்கண்ணே, ஓட்டுக்கு உள்பக்கமும் நீலம். எந்தச் சாயம் இப்படிப் போகும்?”

“நல்ல சாயம் ஊறும்மா. நான் எத்தனை சுவரைப் பார்த்தவன்!”

அக்கா புதுப்பொண்ணைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் நீட்டினார். “உங்க வீட்டுலயே வச்சுக்குங்க. உங்க கண்ணு முன்னாடி போடட்டும். போட்டுச்சுன்னா, சாயம்னு சொன்ன வாயாலயே இல்லைன்னு சொல்லணும்.”

“போடலைன்னா?”

“அத்தனை கோழியையும் குடுத்துடறேன்.”

பின்னால் நின்ற கணவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அக்கா வீறாப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் இடம் மாறினால் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும் என்பது அவருக்குத் தெரியும். தினமும் சுவரோரம் போய், “போட்டாளா அண்ணே?” என்று கேட்பார். “இல்லம்மா” என்ற பதில் வரும். வாரம் ஒன்று போய் இன்னொன்றும் வந்தது. மாமியாரையும் ஓரகத்தியையும் எப்படிப் பிரிவது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டார். சுவருக்கு அப்பால் கோழியிடம் பேசும் கடைக்காரரின் குரல் மட்டும் நாளுக்கு நாள் அதிகமாகக் கேட்டது. “இன்னிக்குக் கடையில ஒரு ஆளு வந்தான் பாரு தாயி, சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரியல அவனுக்கு! நீ சாப்பிடு, சாப்பிட்டுக்கிட்டே கேளு.”

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டுப் பெண் கிண்ணத்தோடு வந்து நின்றாள். “அக்கா, முட்டை இருக்கா? அசல் நீலம்தானாம், சாயமே இல்லையாம். பெயிண்ட் கடைக்காரரே சலூன்ல சொன்னாராம்.”

அக்கா கிண்ணத்தை வாங்காமல் அவளையே பார்த்தார். போடாத முட்டைக்கு எப்படி அந்த மனுஷன் சாட்சி சொன்னார்?

புதுப்பொண்ணுக்கென்று ஒரு பிடி மக்காச்சோளத்தை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றிக் கடைக்காரர் வீட்டு வாசலுக்கே போனார். கதவு திறந்திருந்தது. வாசலோரம் ரோஜாத் தொட்டி. செடியின் அடியில், நொறுக்கிப் போட்ட முட்டை ஓடுகள் நீலநீலமாகக் கிடந்தன. ஒரு நாள் முட்டையின் ஓடு அல்ல அது.

“அண்ணே!” என்று கூப்பிட்டார் அக்கா. உள்ளேயிருந்து கடைக்காரர் அவசரமாகக் குரல் கொடுத்தார். “இன்னும் போடலம்மா! பாவம், கொஞ்ச நாள் இங்கயே இருந்து பழகட்டும்.”

“அவசரமே இல்லண்ணே, மெதுவாப் போடட்டும்” என்றார் அக்கா. செருப்புச் சத்தம் வாசலை நோக்கி வருவதற்குள் குனிந்து, தொட்டி மண்ணை விரலால் தள்ளி, நீல ஓடுகளை ஒன்றுவிடாமல் மூடினார்.