படிக்கட்டிலிருந்து எழுந்த குரல்

நாகசாகி மீன் சந்தையில் நெடுங்காலம் ஏலம் விட்டவர் ஹிசாவோ. அவர் விலை கூவினால் துறைமுகத்தில் படகு கட்டிக்கொண்டிருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அக்டோபரில் சுவா கோயில் திருவிழா வந்துவிட்டால் அந்தக் குரலுக்கு இன்னொரு வேலை. ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர்கள் வெளியேறும்போது, படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் "மொத்தே கோய்" என்று கத்தும். திரும்பக் கொண்டு வா என்று அர்த்தம். கத்தல் பலமாக இருந்தால்தான் ஆட்டம் திரும்பி வரும். முதல் கத்தல் எப்போதும் ஹிசாவோவுடையது.

பிறகு தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூச்சு விடுவது கழுத்தில் போட்ட துளை வழியாக என்று ஆனது. மனைவி மித்சுயோ அவரை வடக்கே செண்டாயில் இருந்த மகள் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அங்கே, குரல்வளை இழந்தவர்கள் கூடிப் பேசப் பழகும் சங்கம் ஒன்று இருந்தது. தேநீரை விழுங்குவதுபோலக் காற்றை விழுங்கி, அதை ஏப்பமாக மேலே கொண்டுவந்து பேச்சாக்க வேண்டும். 'ஆ' வருவதற்குள் ஒரு குளிர்காலமே போய்விட்டது. மனைவியின் பெயர் முழுசாக வந்த அன்று, அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள்.

மூன்றாம் வருடம் திருவிழாவுக்கு இருவரும் நாகசாகி வந்தார்கள். வீட்டை விற்றாகிவிட்டதால் ஹோட்டலில் அறை. டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மலைச்சரிவு முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்ற வீடுகளை, எது யாருடையது என்று ஹிசாவோ வாய் ஓயாமல் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தார்.

கோயில் படிக்கட்டில், சந்தையில் கூட வேலை பார்த்த எய்ஜி இடம் பிடித்து வைத்திருந்தார்.

"வாய்யா, டூரிஸ்ட். மேப் கையில இருக்கா? வழி தவறிடப் போற."

ஹிசாவோ காற்றை விழுங்கினார். "ஒன் வாய்… இன்னும்… அடங்கல."

அந்தப் புதுக்குரலை எய்ஜி அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார். கொஞ்ச நேரம் கோயில் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குசும்ப மட்டும் டாக்டர் எடுக்காம விட்டுட்டான்," என்றார் மித்சுயோவிடம்.

தூறல் போட்டது. ஒரு பேட்டைக்காரர்கள் கம்புகளில் தூக்கிப் பிடித்த நீளமான டிராகன் பொம்மை களத்தில் இறங்கிச் சுழன்றது. ஈரக் கல்லில் வால் பக்கம் பிடித்தவர் வழுக்கி விழ, பக்கத்துக் கம்பைப் பிடித்தவர் அவர்மேல் இடற, பாதி டிராகன் தரையில் கிடந்தது. எழுந்து எப்படியோ ஆடி முடித்தார்கள். தலை குனிந்தபடி வெளியேறினார்கள். கூட்டம் லேசாகக் கை தட்டியது. கத்துவதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ஹிசாவோ எழுந்தார். மித்சுயோ அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள்.

"அவசரப்படாதீங்க. காத்த நல்லா முழுங்குங்க."

"மொத்தே… கோய்!"

துருப்பிடித்த இரும்புக் கதவைத் தள்ளியதுபோல ஒரு சத்தம். முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. அவர் மறுபடி விழுங்கி, மறுபடி கத்தினார். எய்ஜி எழுந்து சேர்ந்துகொண்டார். அடுத்த வரிசை எழுந்தது, அதற்கடுத்ததும் எழுந்தது, பிறகு படிக்கட்டு முழுவதும் ஒரே குரலாக அதிர்ந்தது.

மேளம் முழங்கியது. டிராகன் ஓடி வந்தது. விழுந்தவர்தான் இப்போதும் வாலில். அவர் சுழற்றிய வேகத்தில் மழைத்துளி சிதறி முன்வரிசைவரை தெறித்தது. ஆடி முடித்துப் போனவர்களைக் கூட்டம் விடவில்லை. இன்னொரு முறை வரவழைத்தது. அந்த முறையும் முதல் கத்தல் ஹிசாவோவுடையதுதான்.

மூவரும் நனைந்துபோய் ஒரு நூடுல்ஸ் கடையில் ஏறினார்கள். என்ன வேண்டும் என்று கடைக்காரப் பெண் கேட்டதும் எய்ஜி வாயைத் திறந்தார். ஹிசாவோ கையைக் காட்டி நிறுத்தினார்.

"மூணு… சாம்பொன். எனக்கு… கணவாய் தூக்கலா."

"திருவிழாவுல கத்திட்டு வர்றீங்களாய்யா? தொண்ட இப்படிக் கட்டிக்கிச்சே," என்றாள் அந்தப் பெண்.

எய்ஜி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மித்சுயோ கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமாம்மா," என்றார் ஹிசாவோ. "நல்லா… கத்தினேன்."