உப்புப் பார்த்தவள்

அஜிதா மாமி இறைச்சி உருண்டை பொரித்தால், இந்த ஜேர்மன் நகரம் வுப்பர்டாலில் தலைக்குமேல் தொங்கி ஓடும் ரயில் எங்கள் யன்னலடியில் நின்று தட்டு நீட்டும். சைப்பிரஸ் தீவின் இரண்டு பக்கத்தாரும் சண்டையை மறந்து வரிசையில் நிற்பார்கள். சத்தியம் பண்ணியும் சொல்வேன். என் சத்தியத்தை நம்புவது உங்கள் பாடு.

மாமி எங்களுக்குக் கீழ்த்தட்டில் இருப்பவர். கலியாணமாகி இங்கே வருமுன் ஒன்பது வருடம் சைப்பிரஸில், நடக்க முடியாத ஒரு மனிசியைப் பராமரித்தார். அந்த வீட்டில் பழகியதுதான் இந்தப் பொரியல். அரைத்த பன்றி இறைச்சியோடு, பச்சை உருளைக்கிழங்கைத் துருவித் துணியில் கட்டிப் பிழிந்து சேர்ப்பார். வெங்காயம், காய்ந்த புதினா, கறுவாப்பட்டைத்தூள், முட்டை. பச்சை இறைச்சியை வாயில் வைக்க முடியாதே! மாமி குனிந்து மணந்தே உப்புச் சொல்வார். அந்த மூக்கை நம்பி ஒரு சாப்பாட்டுக்கடை பதினான்கு வருடம் வேலை கொடுத்தது. ஒருமுறை கறுவாத்தூளில் கோப்பித்தூள் கலந்து வைத்தேன். போத்தலைத் திறந்த கையோடு என் காதைப் பிடித்தார்.

பிறகு புற்றுநோய். மருந்து ஏற்றி ஏற்றித் தலைமயிர் போனது, மூக்கும் நாக்கும் போயின. மயிர் மட்டும் திரும்பி வந்தது.

"கடையில திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கினம். கை சரியெண்டால் வேலை, இல்லாட்டி வேற ஆள்," என்றார் மாமி.

அதற்காக வியாழனிலிருந்து வீட்டில் பொரித்துப் பழகினார். உப்புப் பார்ப்பது நான். முதல் நாள் உருண்டை கடல்தண்ணி. "அந்த மாதிரி மாமி!" என்று புகழ்ந்து ஒன்றும் மிச்சமில்லாமல் தின்றேன். வெள்ளிக்கிழமையும் தின்றேன், அம்மாவுக்குத் தெரியாமல். சனியும் அதே உப்பு, அதே பொய். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு வேறென்ன உதவி செய்யத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை தாச்சியிலிருந்து இறக்கிய சூட்டோடு ஒன்றை நீட்டினார். கடித்தேன். சப்பென்று இருந்தது.

"எப்பிடியடி?"

"பழைய கை வந்திட்டுது மாமி. உப்பு அளவெண்டால் அளவு."

"வடிவாப் பார்."

இன்னும் இரண்டைத் தின்றேன். "சத்தியமா மாமி."

மாமி அடுப்பை நிறுத்தினார். அலுமாரியிலிருந்து உப்புப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். வாங்கியபோது ஒட்டியிருந்த மூடி அப்படியே இருந்தது.

"பழைய உப்பு நேற்றோட முடிஞ்சுது. இதை நான் இன்னும் உடைக்கேல்லை," என்றார். "இப்ப சொல்லு ஆதிரை. முந்தின மூண்டு நாளும் எப்பிடி இருந்தது?"