கடுக்காய் கலந்த உருண்டை

தோல் பதனிடும் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஈரத்தோலைத் தூக்கித் தூக்கி என் வீட்டுக்காரருக்கு இடுப்பு போய்விட்டது. வலிக்கு அபின் தின்னத் தொடங்கினார். பிறகு வலி குறைந்த நாளிலும் அபின் கேட்டார். அப்போது சர்க்காரே அபின் விற்ற காலம்; பேரணாம்பட்டு சர்க்கார் கடையில் நான்தான் வாங்கி வந்து, காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று உருட்டித் தருவேன். ஒருநாள் கோபத்தில் எல்லாவற்றையும் தெருவில் வீசினேன். அன்று மாலை அவர் சுவரில் தலையை மோதிக்கொண்டதைக் கண்டு, நானே போய்ப் பொறுக்கி வந்தேன்.

அதன்பிறகு கடுக்காயை இடித்து அபினோடு பிசைந்து உருட்டினேன். வாரத்துக்கு வாரம் கடுக்காயைக் கூட்டி அபினைக் குறைத்தேன். உருண்டையின் அளவை மட்டும் மாற்றவில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். இருபது வருஷம் கடுக்காய்த் தண்ணீரில் தோலை ஊறவைத்த மனிதர் அவர் என்பது என் புத்திக்கு எட்டவேயில்லை.

மூன்றாம் மாதம் ஒரு காலை, உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்:

“கடுக்காய இன்னும் கொஞ்சம் நைசா இடி மே. மொத நாள்லேர்ந்து பல்லுல நறநறங்குது.”