அக்கா தொட்ட கோழிகள்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யார் வீட்டுக் கோழிக்கு என்ன ஆனாலும் முதலில் போய் நிற்பது தொங்கக் காம்பராவின் வாசலில்தான். லயத்தின் கடைசி அறையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அங்கே ஓர் அக்கா தனியாக இருந்தார். புருஷன் இறந்து பல வருடமாகிவிட்டது. ஒரே மகளை எஹலியகொட பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார். கொழுந்து எடுத்துவிட்டுப் பின்னேரம் வந்ததும் கூடையை இறக்கி வைத்து, முகம்கூடக் கழுவாமல் கோழிக்கூட்டுக்குப் போய்க் குனிந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் அடுப்பு மூட்டுவார்.

நான் கல்யாணம் முடித்து இந்தத் தோட்டத்துக்கு வந்தவள். அதற்கு முன்பு கஹவத்தை டவுனில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றேன். சிங்களம் நன்றாகப் பேசுவேன். கோழியைப் பற்றி ஒன்றும் தெரியாது. சாமான் விலையெல்லாம் ஏறி, பிள்ளைகளுக்கு முட்டை கொடுப்பதே பெரிய காரியமாகிப்போன காலத்தில் லயத்தில் வீட்டுக்கு வீடு கூடு அடித்தார்கள். பழைய தகரத்தையும் றப்பர் விறகையும் வைத்து என் வீட்டுக்காரரும் ஒரு கூடு அடித்தார். அதில் விட முதல் கோழியைக் கொடுத்தது அக்காதான். ஒரு கறுப்புப் பெட்டை. சும்மாதான் கொடுத்தார்.

கொடுத்ததோடு விடவில்லை. கொஞ்ச நாளைக்குத் தினமும் வந்து பார்த்தார்.

"தண்ணிய எப்ப மாத்துன?"

"நேத்துக்கா."

"நேத்து தண்ணிய நீ குடிப்பியா? ஊத்திட்டு வேற வையி."

அடை வைக்கும்போது கூடைக்குள் வைக்கோலுக்கு அடியில் ஓர் இரும்பு ஆணியைப் போடச் சொன்னார். எங்கள் பக்கத்தில் இடி விழும் மாதங்களில் முட்டை கலங்கிக் கூமுட்டையாகிவிடும், ஆணி கிடந்தால் அப்படி ஆகாது என்றார். ஆணியால்தானா என்று தெரியாது, நான் வைத்த முதல் அடையில் ஒரு முட்டைகூடக் கெடவில்லை. அடையை விட்டு எழும்பாத கோழியைத் தொட்டித் தண்ணீரில் எப்படி முக்குவது, பருந்து வந்தால் தாய்க்கோழி போடும் சத்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, குஞ்சுக்குக் குறுணலோடு எவ்வளவு தேங்காய்ப்பூ சேர்ப்பது, எல்லாம் அவர் சொல்லித்தான் நான் கற்றுக்கொண்டேன். லயத்தில் மற்றவர்களும் அப்படித்தான்.

சொல்வதைவிட அவர் செய்வதைப் பார்க்க வேண்டும். சுணங்கி நிற்கும் கோழியை இடது கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். கட்டை விரலால் அலகைத் திறந்து, சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள் அரைத்து உருட்டியதை ஆள்காட்டி விரலால் தொண்டைக்குள் தள்ளுவார். நான் பிடித்தால் லயமே கேட்கக் கத்தும் கோழி, அவர் கக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும்.

எங்கள் பக்கத்துக் காம்பராவில் றப்பர் பால்வெட்டும் ஓர் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். ஒரு நாள் ரோட்டில் லொறியில் வைத்துக் கோழி விற்றார்கள். பண்ணைகளில் முட்டை குறைந்ததும் கழித்துவிடும் சிவப்புக் கோழிகள். விலை மலிவு என்று அண்ணன் சிலதை வாங்கி, கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வந்தார். அக்கா அவற்றை எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, புதுசா வந்தத கொஞ்ச நாளைக்குத் தனியா போட்டு வைங்க."

"எடம் எங்கக்கா இருக்கு? கெடக்கட்டும் ஒண்ணா."

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. லயத்தில் மனுசருக்கே இடம் இல்லை.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் அந்தச் சிவப்புக் கோழிகள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றன. எச்சம் வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீராகப் போனது. அண்ணனின் மனைவி அக்காவைக் கூப்பிட்டார். அக்கா வந்து ஒவ்வொன்றாகப் பிடித்து மருந்து கொடுத்தார். அவை செத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வீட்டில் ஒன்று தூங்கி விழுந்தது. அங்கேயும் போனார். பிறகு மேல் லயத்திலிருந்து ஆள் வந்தது.

அந்த நாட்களில் அக்கா வேலை முடிந்து வந்தால் உட்காரவே இல்லை. ஒரு சிரட்டையில் மருந்தை அரைத்து எடுத்துக்கொண்டு கூட்டுக்குக் கூடு போனார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த கோழியைப் பிடிப்பார். கொழுந்து எடுத்த களைப்பில் கண்கள் சிவந்திருக்கும். நான் தேத்தண்ணி கொடுத்தால் நின்றபடியே குடித்துவிட்டு, "மேல் லயத்துல கூப்புட்டாங்க" என்று போய்விடுவார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். கறுப்புப் பெட்டை கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தொண்டைக்குள் கரகரவென்று சத்தம். மறுநாள் அதன் கழுத்து பின்பக்கமாக முறுக்கிக்கொண்டது. தகரக் கூரையைப் பார்த்தபடி ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. சாக்கைப் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போனேன். வந்து பார்த்தபோது விறைத்துக் கிடந்தது.

"என்னா கொடுத்தாலும் நிக்க மாட்டேங்குதே" என்றார் அக்கா. அவருடைய கோழிகளும் அப்போது சுணங்கத் தொடங்கியிருந்தன.

செத்ததை எல்லாம் ஆட்கள் பள்ளத்தில் வீசினார்கள். நாய்கள் இழுத்துக்கொண்டு வந்து வாசல் இஸ்தோப்பில் போட்டன. மழை ஈரத்தில் நாற்றம் லயத்தை விட்டுப் போகவில்லை. சோறு இறங்கவில்லை.

நான்தான் டவுனிலிருக்கும் மிருக வைத்தியர் கந்தோருக்குப் போன் பண்ணினேன். வந்த டொக்டர் நடுத்தர வயதுக்காரர், தமிழ் தெரியாது. மோட்டார் சைக்கிளில் ஒரு வாளியும் கொண்டுவந்திருந்தார். லயத்துப் படியடியில் வாளியில் தண்ணீர் எடுத்து மருந்து கலந்து, சப்பாத்துக் காலோடு அதற்குள் இறங்கி ஏறினார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த வாரத்தில் லயத்தில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

கூடுகளைப் பார்த்தார். செத்துக் கிடந்த ஒன்றைக் கையுறையோடு புரட்டினார். முதலில் எந்த வீட்டில் தொடங்கியது என்று கேட்டார். சொன்னோம். யார் மருந்து கொடுத்தது என்று கேட்டார். எல்லாரும் அக்காவைக் காட்டினார்கள். பெருமையாகத்தான் காட்டினார்கள். எங்கள் லயத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று டொக்டர் தெரிந்துகொள்ளட்டும் என்பதுபோல.

அவர் அக்காவிடம் மரியாதையாகத்தான் பேசினார். அம்மே என்றுதான் கூப்பிட்டார். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நேரே போனீர்களா, இடையில் கை கழுவினீர்களா, உடுப்பு மாற்றினீர்களா என்று கேட்டார். அக்கா சிங்களத்திலேயே பதில் சொன்னார். நேரேதான் போனேன் என்றார்.

அதன் பிறகு டொக்டர் எல்லாருக்குமாகப் பேசத் தொடங்கினார். அக்காவைப் போல எல்லாருக்கும் சிங்களம் அந்த அளவுக்குப் புரியாது. என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். நோய் லொறிக் கோழியோடு வந்தது என்றார். அதைச் சொன்னேன். தடுப்பு மருந்து முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும், வந்த பிறகு எந்த மருந்தும் கேட்காது என்றார். அதையும் சொன்னேன். பிறகு, இது காலிலும் கையிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு போகும், இந்த அம்மா நல்ல மனதோடுதான் வீடு வீடாகப் போயிருக்கிறார், ஆனால் மற்ற வீடுகளுக்கும் மேல் லயத்துக்கும் அவருடைய கையால்தான் போயிருக்கிறது என்றார். கோபமில்லாமல், மழை எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

நான் திரும்பி, "கையாலயும் காலாலயும் பரவுமாம். அதனால யாரும் மத்தவங்க கூட்டுக்குப் போக வேணாம்னு சொல்றாரு" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "முழுசா சொல்லு தங்கச்சி."

நான் கோழிக்கூட்டின் பக்கம் திரும்பினேன்.

"என் கையாலதான் போச்சுன்னு சொன்னாரு. அத ஏன் விட்டுட்ட?"

டொக்டருக்கு என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை. அக்காவின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மிஞ்சியிருக்கும் கோழிகளை அழித்து ஆழமாகப் புதைக்க வேண்டும், கூட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துச் சில மாதம் வெறுமையாக விட வேண்டும் என்று சொல்லிவிட்டு, திரும்பவும் வாளியில் காலை நனைத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் பக்கத்துக் காம்பரா அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப இத்தன நாளும் நீங்களா கொண்டுபோய் கொடுத்தீங்க?"

"அண்ணே, லொறிக் கோழியோட வந்துச்சுன்னுதான் அவரு மொதல்ல சொன்னாரு" என்றேன் நான்.

"வந்தா என் வீட்டோட நின்னிருக்கும்ல. மேல் லயத்துக்குக் கோழி நடந்தா போச்சு?"

அக்கா தன் காம்பராவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டொக்டர் சொன்ன இரண்டு விஷயத்தில் லொறிக் கோழி மறந்துபோய், லயத்தில் நின்றது அக்காவின் கை ஒன்றுதான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், தண்ணீர்ப் பீலியடியில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லாம் அதுதான் பேச்சு. முகத்துக்கு நேரே யாரும் திட்டவில்லை. அவர் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். மேல் லயத்தில் ஒரு பெண், அக்கா அந்த வழியாக வேலைக்குப் போவதைக்கூட விரும்பவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அக்காவின் கோழிகளில் ஒன்று மட்டும் சாகவில்லை. கழுத்து திருகிப்போய், தானாகக் கொத்த முடியாமல், பிழைத்துக் கிடந்தது. அவர் சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். அது தெரிந்து அண்ணனும் இன்னும் இருவரும் போய் வாசலில் நின்றார்கள். அது இருக்கும்வரைக்கும் சீக்கு போகாது என்றார்கள்.

விடிந்ததும் அக்காவே அதை அறுத்துப் புதைத்தார். நான் போனபோது குழியை மூடி மிதித்துக்கொண்டிருந்தார். பிறகு பீலியடிக்குப் போய்க் கையில் சுண்ணாம்பைப் போட்டுத் தேய்த்தார். போதும்க்கா என்றேன். தேய்த்துக்கொண்டே இருந்தார். விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்தது. அந்தக் கையோடு கொழுந்து கிள்ள முடியாமல் நிறை குறைந்து, கங்காணியிடம் பல நாள் ஏச்சு வாங்கினார்.

மழை விட்டு, வெயில் வந்து, கூடுகள் காய்ந்தன. கொஞ்ச மாதம் கழித்து மிருக வைத்தியர் கந்தோரில் குஞ்சு கொடுத்தார்கள். கண்ணில் ஒரு சொட்டு விடும் தடுப்பு மருந்தை ஐஸ் போட்டுக் கொடுத்தனுப்பினார்கள். சிங்களம் தெரிந்ததால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் வீடு வீடாகப் போய்ச் சொட்டு விட்டேன், ஒவ்வொரு வீட்டுக்கும் கை கழுவிக்கொண்டு. அக்காவுக்கென்று சில குஞ்சுகளை எடுத்துக்கொண்டு போனேன்.

"வேணாம் தங்கச்சி. நீயே வச்சுக்க."

வற்புறுத்தவில்லை. அவர் கூட்டின் பலகைகளைக் கழற்றி விறகாக்கியிருந்தார்.

அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடத் தொடங்கிய நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கோழி ஒன்று மூலையில் உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தது. வால் ஏறி ஏறி இறங்கியது, முட்டை வரவில்லை. தொட்டுப் பார்த்தால் உள்ளே பெரிதாகத் தட்டுப்பட்டது. அதைத் தூக்கிக்கொண்டு தொங்கக் காம்பராவுக்கு ஓடினேன்.

அக்கா எழுந்து உள்ளே பின்வாங்கினார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கிட்ட கொண்டாராத."

"முட்ட அடச்சிருக்குக்கா. ஒருக்கா பாருங்க."

"அங்கேயே உக்காரு. நான் சொல்றேன், நீ செய்யி."

வாசலில் உட்கார்ந்தேன். அவர் கதவுக்கு உள்ளே நின்றபடி சொன்னார். இளஞ்சூட்டுத் தண்ணீரில் அடிப்பக்கத்தை வைக்கச் சொன்னார், வைத்தேன். தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார். விரலை வளைத்து மெல்ல முட்டையைச் சுற்றி விடச் சொன்னார். விரலை விட்டேன். கோழி கத்தியது.

"அக்கா, எனக்கு வரல. நீங்க ஒரே ஒரு தடவ தொடுங்க. உங்களுக்குக் கத்தாது."

"என்னால ஏலாது தங்கச்சி. மெதுவா. அமுக்காத. அமுக்காத."

உள்ளே ஓடு உடைவது என் விரலில் தெரிந்தது. அவருக்கும் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள் கோழி செத்தது. அவர் தொட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்த தைப்பொங்கலுக்கு முன்பே அவர் தோட்டத்து வேலைப் பதிவில் பேரை வெட்டிக்கொண்டு மகள் வீட்டோடு போய்விட்டார். ஒரு சாக்கும் ஒரு பெட்டியும்தான் சாமான். பஸ் வரும்வரைக்கும் நான் கூட நின்றேன். அண்ணனின் மனைவியும் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

சில நேரம் அவருக்குப் போன் எடுப்பேன். பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார், கால் வலியைப் பற்றிச் சொல்வார். போன மாதம் பேசும்போது பின்னால் சேவல் கூவியது.

"அங்க கோழி இருக்காக்கா?"

"மருமகன் வளக்குறாரு."

"நல்லா இருக்கா?"

"தெரியல தங்கச்சி. நான் அந்தப் பக்கம் போறதில்ல" என்றார்.