செருப்பு நாக்கு நீட்டிய பொம்மை

காணும் பொங்கலுக்கு எங்கள் தெருவே டிராக்டரில் ஏறி மகாபலிபுரம் கடற்கரைக்குப் போகும். அந்த வருடம் மற்றவர்கள் அலையில் ஆட்டம் போட, நான் கரையில் ஒதுங்கிக் கிடந்த பிளாஸ்டிக்கையெல்லாம் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தேன். அறுந்த செருப்பு, எண்ணெய் கேன், கிழிந்த நைலான் வலை, வலையில் கட்டுகிற மிதவைகள். உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த அந்த நிறங்களைக் கண்டதும் எனக்குக் கை பரபரத்தது.

"ஊரே சங்கு பொறுக்குது, நீ இன்னாமே செருப்பு பொறுக்கினு கீற?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நம்ம வூட்டுக்குத் திருஷ்டி பொம்ம செய்யப் போறேன்."

உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் கூரை வீட்டை இடித்துவிட்டு, அப்போதுதான் தளம் போட்ட வீடு கட்டிக்கொண்டிருந்தோம். கட்டுகிற வீட்டின் மேல் ஊர்க்கண் படாமலிருக்க எல்லோரும் வைக்கோல் பொம்மைதான் தொங்கவிடுவார்கள். நான் கேனைத் தலையாக்கி, மிதவைகளைக் கண்ணாக்கி, பாட்டில் மூடிகளைப் பல்வரிசையாக ஒட்டினேன். நீல வலைதான் தலைமுடி. சிவப்புச் செருப்பை நாக்காகத் தொங்கவிட்டேன். காற்றடித்தால் நாக்கு ஆடும். அதைப் பார்த்து நானே விழுந்து விழுந்து சிரித்தேன்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. திருஷ்டி பொம்மை அசிங்கமாக இருந்தால் போதும். என்னுடையது அழகாக அமைந்துவிட்டது. மானாம்பதி பஸ்ஸில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டை ஒருவரும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போனது.

"மாடா ஒழச்சி வூடு கட்டனவன் நானு. பேரு உன் பொம்மைக்கா?"

யார் பார்க்காவிட்டாலும் தன்னைத் தூக்கி வளர்த்த அக்கா பார்த்தால் போதும் என்று காத்திருந்தார். கிரகப்பிரவேசத்தன்று அந்த அக்கா பழையசீவரத்திலிருந்து சீர்த் தட்டோடு வந்து இறங்கினார். வந்தவர் வாசலிலேயே, பொம்மைக்கு எதிரில் நின்றுவிட்டார். கூப்பிடக் கூப்பிட நகரவில்லை. வைத்த கண் வாங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீயுமா? வூட்டப் பாரேன்!"

"இருடா. எங்க வூடு இன்னும் ஓலதான். எனக்கு மட்டும் ஆச இருக்காதா? என் கண்ணு உன் வூட்டு மேல பட்டுடக் கூடாதுடா. அதான் மொத்தத்தையும் இது மேல எறக்கி வெச்சிட்டு வரேன்."

இவர் அக்காவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், பட்டப்பகலில் வீட்டிலிருந்த லைட்டையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார்.